நிலம் நடுங்கினால் கரை சரியுமா? டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண் பரிசோதனை என் தொழில். பாலமோ பள்ளிக்கூடமோ கட்டுவதற்கு முன்னால் தரையில் துளை போட்டு, அடியில் என்ன மண் இருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்கும் அணைக்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர். முக்காலியை நட்டு சம்மட்டி அடிக்க ஆரம்பித்தால் போதும், வேலியோரம் நாலு பேர் வந்து நின்றுவிடுவார்கள். எங்கோ நிலநடுக்கம், மலை சரிந்தது என்று டிவியில் வந்த வாரமென்றால் கேள்வி ஓயாது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் பக்கம் மலையே கிடையாதே. சரிவைப் பற்றி நமக்கு என்ன?

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரைக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லாத நிலம் இது. தண்ணீரே தயங்கித் தயங்கித்தான் ஓடுகிறது.

ஆனால் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி, கல்லணைக் கால்வாய் எல்லாம் இரண்டு கரைகளுக்கு நடுவில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு கரையும் ஆற்றுப் பக்கம் ஒரு சாய்வும் வயல் பக்கம் ஒரு சாய்வும் கொண்ட நீளமான மண் மேடு. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் போகும்போது பல இடங்களில் ஆற்றுத் தண்ணீர் வயலைவிட உயரத்தில் நிற்கும். ஊருக்கும் வெள்ளத்துக்கும் நடுவே இருப்பது அந்த மண் சாய்வு ஒன்றுதான். சரிவு என்றால் மலைக்காரர்கள் சமாச்சாரம் என்று நாம் விட்டுவிட முடியாது.

சாய்வான மண் சாதாரண நாளில் எப்படி விழாமல் நிற்கிறது?

களத்தில் தூற்றிப் போட்ட நெல் அம்பாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மேலே கொட்டினால் ஓர் அளவுக்குத்தான் குவியும். அதற்கு மேல் கொட்டுவது பக்கவாட்டில் வழிந்து, குவியல் தன் சாய்வைத் தானே சரிசெய்துகொள்ளும். நெல்லுக்கு நெல் உராய்வதால்தான் அது நிற்கிறது. மணலும் அப்படித்தான். களிமண்ணுக்கு உராய்வோடு ஒட்டும் தன்மையும் உண்டு. அதனால்தான் செங்குத்தாக வெட்டிய வண்டல் பள்ளம் சில மாதம் நிற்கிறது, ஆற்று மணலில் வெட்டிய பள்ளம் அன்றைக்கே சரிகிறது.

ஆக எந்தச் சாய்விலும் இரண்டு கட்சிகள் உண்டு. கீழே இழுக்கும் எடை ஒரு கட்சி, பிடித்து நிறுத்தும் உராய்வும் ஒட்டலும் இன்னொரு கட்சி. பிடிப்பது இழுப்பதைவிட அதிகமாக இருக்கும்வரை சாய்வு நிற்கும். எவ்வளவு அதிகம் என்பதுதான் கேள்வி. சில சாய்வுகள் இரண்டு மடங்கு பலத்தோடு நிற்கும். சில சாய்வுகள் மயிரிழையில் நிற்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நடுக்கம் வரும்போது அங்கே என்ன மாறுகிறது?

அதே அம்பாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூட்டையைத் தொப்பென்று போடுங்கள். ஓரத்து நெல் சலசலவென்று இறங்கும். ஒரு மணி நெல்கூட நீங்கள் சேர்க்கவில்லை. தரை அசைந்தது, அவ்வளவுதான்.

நிலநடுக்கத்தில் தரை பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆடுகிறது. பக்கவாட்டு ஆட்டம் சாய்வின் இறக்கத் திசையில் வரும் அந்த அரைநொடியில் இழுக்கும் கட்சிக்கு ஆள் கூடுகிறது. எதிர்த்திசையில் வரும்போது குறைகிறது. அதனால் எல்லாச் சாய்வும் ஒரே ஆட்டத்தில் விழுந்துவிடாது. ஒவ்வொரு இழுப்பிலும் ஓர் அங்குலம், அரை அங்குலம் என்று நழுவும். நடுக்கம் நின்றால் நழுவலும் நிற்கும். மொத்தம் எவ்வளவு நழுவியது என்பதை வைத்துத்தான் சேதத்தைக் கணக்கிட வேண்டும் என்று 1965-ல் நாதன் நியூமார்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு வழி சொன்னார். அணைக்கட்டுக் கணக்குகளில் இன்றும் அந்த முறை பயன்படுகிறது. சாய்பலகையில் வைத்த செங்கல்லை ஆட்டிப் பார்ப்பது போன்ற எளிமையான கணக்கு அது.

மலையில் இன்னொன்றும் சேர்கிறது. அடிவாரத்தைவிட உச்சியும் முகடும் அதிகமாக ஆடும். காற்றில் தென்னையின் தூர் அசையாமல் இருக்க, தலை ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் நடுக்கத்தில் பல சரிவுகள் முகட்டுக்கு அருகிலேயே தொடங்குகின்றன. மழைச் சரிவுகள் பெரும்பாலும் தண்ணீர் சேரும் மடிப்புகளிலும் ஓடை முகங்களிலும் தொடங்கும்.

எவ்வளவு பெரிய நடுக்கம் வந்தால் சரியும்?

1984-ல் டேவிட் கீஃபர் என்ற நிலவியலாளர் உலகம் முழுக்க நடந்த 40 நிலநடுக்கங்களை எடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய 4 என்ற அளவிலேயே சின்னச் சின்னச் சரிவுகள் தொடங்கிவிடுகின்றன. 9-ஐத் தாண்டிய நடுக்கமென்றால் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில்கூடச் சரிவுகள் நிகழலாம். தமிழ்நாட்டைப்போல மூன்று மடங்குக்கும் மேல். எண்ணிக்கையில் அதிகம் விழுவது பாறைத் துண்டுகள்தான். ஆளை அதிகம் கொல்வது வேகமாகப் பாயும் கல்லும் சேறும் கலந்த சரிவு.

1970 மே 31 அன்று பெரு நாட்டில் வந்த நடுக்கத்தின் அளவு 7.9. உவாஸ்கரான் மலையுச்சியிலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும் சில நிமிடங்களில் யுங்காய் ஊரை மூடிவிட்டன. ஊரின் இடுகாடு ஒரு மேட்டில் இருந்தது. அங்கே ஓடி ஏறியவர்களில் சிலர் பிழைத்தார்கள்.

மண் தண்ணீராகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். நம் ஊர்க்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மரக்காலில் நெல் அளப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மெதுவாகக் கொட்டித் தலை தட்டினால் ஓர் அளவு. கொட்டிவிட்டு மரக்காலை நாலு தட்டுத் தட்டினால் நெல் உள்ளே இறங்கும், இன்னும் இரண்டு கை பிடிக்கும். தளர்வாக விழுந்த மணிகளைக் குலுக்கினால் நெருங்கி உட்காரும், அதுதான் விஷயம்.

இப்போது நெல்லுக்குப் பதில் ஆற்று மணல், இடுக்குகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர். குலுக்கல் வந்ததும் மணல் நெருங்கி உட்காரப் பார்க்கிறது. உட்கார வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். நடுக்கமோ சில நொடிகள்தான், அதற்குள் தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. மணிக்கு மணி தாங்கிக்கொண்டிருந்த பாரம் முழுக்கத் தண்ணீர் தலையில் விழுகிறது. உராய்வு போய்விடுகிறது. அந்தச் சில நொடிகளுக்கோ நிமிடங்களுக்கோ அது மணல் இல்லை, கூழ். பொறியாளர்கள் இதைத் திரவமாதல் என்கிறார்கள்.

துளை போடும்போது கருவியிலிருந்து வரும் நுண்மணலை நான் உள்ளங்கையில் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து வைத்துக்கொள்வேன். ஈரமாக, மங்கலாக இருக்கும். இன்னொரு கையால் அந்தக் கையின் பக்கவாட்டில் நாலைந்து தட்டு. மேற்பரப்பில் தண்ணீர் மினுமினுவென்று ஏறும், உருண்டை தளர்ந்து பரவும். விரலால் அமுக்கினால் மினுமினுப்பு உள்ளே போய்விடும், மண் இறுகிவிடும். களிமண்ணை வைத்து எவ்வளவு தட்டினாலும் இப்படி ஆகாது. முப்பது வினாடி வேலை. ஆய்வுக்கூடத்து முடிவு வருவதற்கு முன்பே பாதி பதிலை இது சொல்லிவிடும். கொள்ளிடத்தில் தண்ணீரோரம் நின்று ஈர மணலைக் காலால் மிதித்து மிதித்துக் குழைய வைத்து விளையாடிய பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித்தரவே வேண்டாம்.

எந்த மணல் ஆபத்து என்று பார்க்கத்தான் சம்மட்டி. 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவோம். முப்பது, நாற்பது அடி வாங்கினால் இறுகிய மணல். ஐந்தாறு அடியிலேயே இறங்கினால் தளர்ந்த மணல். அதுவும் நிலத்தடி நீருக்குக் கீழே இருந்தால் குறித்துவைத்து எச்சரிப்போம்.

வயல்வெளி சரிந்து ஓடுமா? அப்படி எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. இந்தோனேசியாவின் பாலு நகரம், 2018 செப்டம்பர் 28, சாயங்காலம் ஆறு மணி. நடுக்கத்தின் அளவு 7.5. பெட்டோபோ, ஜோனோ ஓகே, பலரோவா முதலிய இடங்களில் நிலம் வீடுகளோடும் தென்னைகளோடும் நகர்ந்துபோனது. நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப்போய் நின்ற வீடுகள் உண்டு. அங்கே மலைச்சரிவு எதுவும் இல்லை. சாய்வு ஒன்றிலிருந்து ஐந்து டிகிரிக்குள். நின்று பார்த்தால் சமதரை என்றுதான் சொல்வோம்.

ஏன் அப்படி? பெட்டோபோவுக்கும் ஜோனோ ஓகேவுக்கும் மேற்புறமாகக் கும்பாசா என்ற பாசனக் கால்வாய் ஓடுகிறது. ஏறக்குறைய நூறு வருடமாக அதிலிருந்து நெல் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. வறண்ட பள்ளத்தாக்கில் நிலத்தடி நீர் மெல்ல மெல்ல மேலே ஏறி, தளர்ந்த மணல் அடுக்குகளை நனைத்தே வைத்திருந்தது. அந்த இடங்களில் நிலம் பிய்த்துக்கொண்ட கோடு கால்வாயை ஒட்டியே போகிறது. பின்னால் போய் ஆராய்ந்தவர்கள் சொன்னதை முதலில் படித்தபோது எனக்கு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. கால்வாயும் மடையும் நாற்றும் சோறு போடும் என்று மட்டுமே நினைத்து வளர்ந்தவன் நான்.

இன்னொன்றையும் சொன்னார்கள். மணலுக்கு மேலே தண்ணீர் எளிதில் போகாத நுண்மண் அடுக்கு இருந்தால், நடுக்கத்தில் மேலேறும் தண்ணீர் அதன் அடியில் சிக்கிப் படலமாக நிற்கும். மேலே உள்ள நிலம் அந்தத் தண்ணீர்ப் படலத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். மணலும் களியும் மாறி மாறி அடுக்கியிருப்பது நம் டெல்டாவிலும் உண்டு.

பயப்படுவதற்கு முன்னால் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு டிகிரி சாய்வென்றால் கிலோமீட்டருக்கு 17 மீட்டர் இறக்கம். நமக்கு ஒரு மீட்டர்கூட இல்லை என்று மேலே பார்த்தோம். 7.5 அளவு நடுக்கத்தைத் தரக்கூடிய பெரிய பிளவுக்கோடு பாலு நகரத்துக்கு அடியிலேயே போகிறது. நம் அடியில் அப்படி ஒன்று இல்லை. வயல் அப்படியே கடலை நோக்கிப் புறப்பட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அப்படியானால் சமவெளியில் என்னதான் ஆகும்?

பீகாரைப் பாருங்கள். 1934 ஜனவரி 15, மத்தியானம். பீகார்–நேபாள நடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 8. கங்கைச் சமவெளியில் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் குழைந்து தாழ்ந்தது. பிளவுகளிலிருந்து மணலும் தண்ணீரும் பீறிட்டு வயல்களை மூடின. கிணறுகள் மணலால் தூர்ந்துபோயின. வீடுகள் இடிந்து விழாமல் அப்படியே சாய்ந்து இறங்கின. சாலைக்காகப் போட்ட மண் மேடுகள் தரைக்குள் அமிழ்ந்தன. கரை என்பதும் அப்படி ஒரு மண் மேடுதான் என்பதை மறக்கவேண்டாம்.

2001 ஜனவரி 26 குஜராத் பூஜ் நடுக்கத்திலும் இதே கதைதான். சாங், தப்பர், பதேகட், ருத்ரமாதா என்று கட்ச் பகுதியின் மண் அணைகள் பல நெடுக வெடித்தன, சரிந்தன. அவற்றின் அடியில் இருந்த ஈர மணல் குழைந்ததுதான் முக்கியக் காரணம். மழை பொய்த்து அணைகளில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்ததால் வெள்ள ஆபத்து நேரவில்லை.

ஆற்றோரம் இது வேறு உருவம் எடுக்கும். ஒரு பக்கம் தடுப்பு இல்லாமல் திறந்து கிடப்பதால், குழைந்த மண் ஆற்றை நோக்கி நகரும். கரைக்கு இணையாக நிலம் பாளம் பாளமாகப் பிளக்கும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2011 பிப்ரவரி நடுக்கத்தின்போது ஏவன் ஆற்றங்கரைகள் இப்படித்தான் நகர்ந்தன. ஆற்றோரம் இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளை அரசே வாங்கி, ஆட்களை வேறிடம் அனுப்பியது.

காவிரி, கொள்ளிடம் கரைகளுக்கு நிலநடுக்க ஆபத்து எவ்வளவு?

குறைவு. இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002-ல் வெளியிட்ட வரைபடத்தில் நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் அதில் இருப்பதிலேயே குறைந்த இரண்டாம் மண்டலம். சென்னையும் கோயம்புத்தூரும் மூன்றாம் மண்டலம்.

நடுக்கமே வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் ஒன்று வந்து தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று. மணல் குழைவதற்குப் பொதுவாக 5-க்கு மேல், அதுவும் பக்கத்தில் வரவேண்டும். நம் கரைகளுக்கு அது அரிதான சேர்க்கை.

ஆனால் நடுக்கம் செய்யும் அதே காரியத்தை நம் ஊரில் வெள்ளம் வருடா வருடம் செய்து பார்க்கிறது. பத்து நாள் வெள்ளம் முட்டி நின்றால் கரைக்குள் தண்ணீர் ஊறி, மணிகளைப் பிரித்துப் பிடிப்பைக் குறைக்கிறது. வயல் பக்கம் அடிவாரத்தில் ஊற்றுக் கிளம்பி மணலைக் கக்குகிறதே, அது பீகாரில் நிலப்பிளவில் கிளம்பிய மணல் ஊற்றின் தம்பி. இரண்டிலும் மண்ணைத் தூக்குவது உள்ளிருக்கும் நீரின் அழுத்தம். ஒன்றில் குலுக்கல் அழுத்தத்தைக் கூட்டுகிறது, மற்றதில் ஆற்றின் உயரம் கூட்டுகிறது. அதனால்தான் நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.

நடுக்கம் நின்றுவிட்டது, கரையோ அணையோ நிற்கிறது என்றால் தப்பித்தோமா?

உடனே சொல்ல முடியாது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே லோயர் சான் பெர்னாண்டோ என்ற மண் அணை. 1971 பிப்ரவரி 9 அன்று 6.6 அளவு நடுக்கத்தில் அதன் நீர்ப்பக்கச் சாய்வு உச்சியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஏரிக்குள் சரிந்தது. தண்ணீருக்கும் உடைந்த உச்சிக்கும் நடுவே மிஞ்சியது ஓராள் உயரம்கூட இல்லாத மண். கீழே குடியிருந்த 80,000 பேரை அவசரமாக வெளியேற்றினார்கள். அணைமேல் இருந்த பதிவுக்கருவியைப் பின்னால் ஆராய்ந்தபோதுதான், பெரும் ஆட்டம் ஓய்ந்து ஏறக்குறைய அரை நிமிடம் கழித்தே அது சரிந்தது தெரியவந்தது. உள்ளே எழும்பிய நீரழுத்தம் பலவீனமான இடத்துக்குப் பரவ அந்த நேரம் ஆனது.

மலையில் இந்தத் தாமதம் வாரக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் இருக்கும். தைவானில் 1999 நடுக்கத்தில் வெடித்து நின்ற மலைகள் 2001-ல் வந்த டோராஜி புயல் மழையில் சரிந்தன. இன்னோர் உதாரணம் நம் யாத்திரைக்காரர்களுக்கு நெருக்கமானது.

முக்திநாத் போகிறோம். அந்தப் பக்கம் ஆபத்தா?

நம் பக்கத்திலிருந்து வருடா வருடம் முக்திநாத், கேதார்நாத், பத்ரிநாத் என்று வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவு நடுக்கம். லாங்டாங் என்ற மலைக்கிராமம் பனியும் பாறையும் சரிந்து புதைந்தது. முக்திநாத் போகும் வழியில் ஓடும், சாளக்கிராமக் கல் கிடைக்கும் காளி கண்டகி ஆறு அதற்கு வெகுதூரம் மேற்கே இருக்கிறது. அங்கே ஒரு மாதம் கழித்து, மே 24 அன்று, வெடித்துப்போயிருந்த ஒரு மலை சரிந்து ஆற்றையே அடைத்துவிட்டது. ஏறக்குறைய 15 மணி நேரம் ஆறு ஓடவில்லை. பின்னால் ஏரிபோல் தேங்கிய தண்ணீர் பிறகு அடைப்பைத் தாண்டிப் பாய்ந்தது. கரையோர மக்களை முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றியிருந்தார்கள்.

இதிலிருந்து ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஆறு மழைக்காலத்தில் திடீரென்று வற்றினால், மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. தண்ணீர் இல்லையே என்று யாரும் ஆற்றுக்குள் இறங்கக்கூடாது, உடனே மேடு ஏறவேண்டும். 1950 ஆகஸ்ட் 15 அசாம் நடுக்கத்தில், 8.6 அளவு, சுபன்சிரி ஆற்றைச் சரிவு அடைத்தது. சில நாள் கழித்து அடைப்பு உடைந்து வந்த வெள்ளம் கீழே இருந்த ஊர்களை அழித்தது. 2008-ல் சீனாவின் வென்சுவான் நடுக்கத்துக்குப் பிறகு டாங்ஜியாஷான் என்ற இடத்தில் இப்படி அடைபட்ட ஏரியை ராணுவம் வாய்க்கால் வெட்டி வடித்தது.

மற்றபடி, மலைப்பாதையில் நடுக்கம் உணர்ந்தால் வண்டியைச் செங்குத்தாக வெட்டிய பாறைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். கல் உருளும் சத்தம் கேட்டால் கல் வரும் பாதைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் ஓடவேண்டும். கீழ்நோக்கி ஓடினால் கல் நம்மைவிட வேகமாக வரும். பின்னதிர்வுகள் ஓயும்வரை ஓடை வாயிலும் பள்ளத்தாக்கு முகத்திலும் தங்கவேண்டாம். விடுதி அங்கேதான் பிடித்திருக்கிறோம், பணம் கட்டியாகிவிட்டது என்று பார்க்காதீர்கள்.

வயநாடு, நீலகிரி, திருவண்ணாமலை சரிவுகளும் நிலநடுக்கத்தால் வந்தவையா?

இல்லை, எல்லாம் மழை. 2009 நவம்பர் நீலகிரி, 2024 ஜூலை 30 வயநாடு, 2024 டிசம்பர் 1 ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை, மூன்றுக்கும் பெருமழைதான் காரணம். சரியும்போது தரை அதிர்ந்து பெரும் சத்தம் வரும், அதைக் கேட்டுவிட்டு நிலநடுக்கம் என்கிறார்கள். மழையும் நடுக்கமும் அடுத்தடுத்து வந்தால்தான் நிலைமை மிக மோசம். ஜப்பானின் ஹொக்கைடோவில் 2018 செப்டம்பரில் புயல் கடந்த ஓரிரு நாளில் 6.6 அளவு நடுக்கம் வந்தது. அட்சுமா என்ற ஊரைச் சுற்றிக் குன்றுகள் ஆயிரக்கணக்கான இடங்களில் தோலுரிந்ததுபோல் வழித்துக்கொண்டு வந்தன.

2004 சுனாமி கடலடிச் சரிவால் வந்ததா?

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், தரங்கம்பாடி என்று நம் கடற்கரையை அழித்த அந்த அலைக்கு மூலம் சுமத்ரா அருகே கடல்தரையே பிளந்து உயர்ந்தது. 9.1 அளவு, ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளப் பிளவு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எண்களில் எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கடலுக்கடியில் சரிவு நடந்து அலை வருவதும் உண்டு. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் கடலில் 7.2 அளவு நடுக்கம். கடலடி மண் சரிந்து ஓடியதில் பன்னிரண்டு தந்திக் கம்பிகள் அறுந்தன. ஆழத்தில் இருந்த கம்பிகள் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு அறுந்தன என்பதை வைத்தே சேற்றோட்டத்தின் வேகத்தைப் பின்னாளில் கணக்கிட்டார்கள். கரையில் 28 பேர் இறந்தார்கள். 1998 ஜூலை 17 பப்புவா நியூகினியில் நடுக்கம் 7 அளவுதான். ஆனால் கடலடிச் சரிவு கிளப்பிய அலையில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அலை வந்தது சுமார் இருபது நிமிடத்தில். கடற்கரையில் நடுக்கத்தை உணர்ந்தால், சின்ன நடுக்கம்தானே என்று எடைபோட்டுக்கொண்டு நிற்காமல் உள்ளே நடந்துவிட வேண்டும்.

கல்லணை தாங்குமா?

சுமார் 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். குள்ளமாக, அகலமாக உட்கார்ந்திருக்கும் கட்டு. உயரமான சுவர் ஆடுவதுபோல் அது ஆடாது. ஆற்று மணலில் கட்டப்பட்ட எதற்கும் பழைய எதிரி அடியில் மணல் அரித்துப்போவதுதான்.

ஆற்றில் மணல் அள்ளுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அம்பாரத்தின் அடியில் கைவிட்டு நாலு பிடி நெல்லை எடுங்கள், மேலே என்ன ஆகிறது என்று பாருங்கள். சாய்வின் பாதத்தில் இருக்கும் மண்தான் மேலே உள்ளதை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. ஆற்றுப்படுகையை ஆழமாகத் தோண்டினால் கரையின் உயரம் கூடுகிறது, பாதம் போய்விடுகிறது. அடுத்த வெள்ளத்தில் அந்த இடம் சரிந்தே தீரும். கரையோரம் செங்கல் சூளைக்கு வெட்டும் பள்ளமும் இதே வேலையைத்தான் மறுபக்கத்திலிருந்து செய்கிறது. நம் கரைகளுக்கு எந்த நிலநடுக்கமும் செய்யாத கெடுதலை இது செய்துகொண்டிருக்கிறது. இதை நான் எங்கே கேட்டாலும் சொல்வேன்.

ஊர்க்காரர்கள் நாங்கள் கரையில் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

முதலில் ஊற்று. வயல் பக்கம் அடிவாரத்தில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் கவனியுங்கள். கலங்கிய தண்ணீர் மணலோடு வந்தால் கரையின் உள்ளிருந்து மண் போகிறது, அன்றைக்கே ஆள் வரவேண்டும். ஊற்றின் வாயில் மண்ணைக் கொட்டி அடைக்காதீர்கள், அது வேறிடத்தில் கிளம்பும். சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி உள்ளே தண்ணீர் ஏறி நிற்க விட்டால், அந்த நீரின் எடையே ஊற்றை அமுக்கும். நம் பெரியவர்கள் செய்துவந்ததுதான்.

அப்புறம் நண்டு வளை, எலி வளை. கோடையில் கரை காய்ந்திருக்கும்போதே வெட்டிப் பார்த்து, களிமண்ணை அடுக்கடுக்காக இடித்து மூடவேண்டும். மேலாக மண்வெட்டியால் தள்ளி மூடினால் பிரயோசனமில்லை. நாணலும் வெட்டிவேரும் இருந்தால் அழிக்கவேண்டாம்.

கடைசியாக வெடிப்பு. காய்ந்த களிமண்ணில் எல்லாத் திசையிலும் வலைபோல் ஓடும் வெடிப்பு வெயிலால் வந்தது, மழை பெய்தால் மூடிக்கொள்ளும். ஆற்றுக்கு இணையாக, கரையின் மேலே நீளமாக ஓடும் ஒற்றை வெடிப்புதான் சரிவின் தலை. அதுவும் ஒரு பக்கம் விரல்கடை அளவாவது தாழ்ந்திருந்தால் கரை நகர ஆரம்பித்துவிட்டது. வெள்ளம் வேகமாக வடியும் நாட்களில் பாருங்கள். ஆறு இறங்கிவிடும், கரைக்குள் ஊறிய தண்ணீர் இறங்காது, எதிர்முட்டு இல்லாமல் அப்போதுதான் ஆற்றுப் பக்கம் சரியும்.

அப்படி ஒரு வெடிப்பைப் பார்த்தால் இரண்டு மூங்கில் முளைகளை வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று அடித்து, நடுவில் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தாலும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீர்வளத்துறை லஸ்கரிடமோ (கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) பிரிவு அலுவலரிடமோ போய்விடுங்கள். மாடும் வண்டியும் அந்தப் பக்கம் வராமல் இரண்டு முள்மரக் கிளையைக் குறுக்கே போட்டுவிட்டுப் போங்கள்.